ரத்னபாய் அமுக்கிய ஷிஃப்ட் எஃப்-எட்டு

சபை ஆண்டு மலரில் ரத்னபாய் அக்காவைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தார்கள். "தனக்குத் தீங்கு செய்தவர்களை மன்னித்து வாழும் அன்புச் சகோதரி" என்று முடித்திருந்தார்கள். எழுதின மகராசன் அக்காவிடம் ஐந்து நிமிஷம் பேசியிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். நான் பிரேமகுமாரி. அக்கா உட்கார்ந்த ஜன்னலுக்கு அடுத்த ஜன்னலில் மருந்து எடுத்துக் கொடுத்தவள். நடந்த அத்தனையும் என் கண்முன்னால் நடந்தது. அக்காவின் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. பூசி மெழுகாமல் எழுதுகிறேன்.

பாறசாலையிலிருந்து குளத்தூர் போகிற ரோட்டில் இருந்தது சதாசிவன் டாக்டரின் ஆஸ்பத்திரி. இருபது கட்டில், ஒரு டாக்டர், காலை முழுக்கக் கூட்டம். பொழியூர் கடற்கரையிலிருந்து வருவார்கள், வெள்ளறடை மலைப்பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருவார்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் களியக்காவிளையிலிருந்தும் வருவார்கள். பாதிப் பேர் தமிழில் நோவைச் சொல்வார்கள், பாதிப் பேர் மலையாளத்தில் சொல்வார்கள், சிலர் தலைவலியைத் தமிழிலும் வயிற்றுப்போக்கை மலையாளத்திலும் சொல்வார்கள். இத்தனை பேருக்கும் கார்டு எழுதி, டோக்கன் கொடுத்து, உள்ளே அனுப்பியது ரத்னபாய் அக்கா.

எண்பத்தைந்தில் வேலைக்கு வந்தாள். பத்தாம் வகுப்பு பாஸ். புருஷன் தங்கையன் வெள்ளறடையில் ரப்பர் வெட்டுகிறவர், வாய் திறந்து பேசி நான் கேட்டதே இல்லை. அக்காவுக்குப் படிப்பு குறைவாக இருக்கலாம், ஆனால் இந்த எல்லையோரத்து வீட்டுப் பேர் முழுவதும் அவள் தலைக்குள் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஆளின் பேரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே இடவழிச் சந்தில் நான்கு ரெஜி இருப்பார்கள், அதில் இரண்டு ஆண், இரண்டு பெண். வீட்டுப் பேர் சொன்னால்தான் ஆள் துலங்கும். "மேலே விளாகத்து புத்தன் வீடா, கீழே விளாகத்து புத்தன் வீடா?" என்று அக்கா கேட்பாள். பதில் வருவதற்குள் பீரோவிலிருந்து கார்டு கையில் வந்திருக்கும்.

யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாதோ அதை கார்டின் தலைப்பில் சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போடுவாள். பதினொரு வருஷத்தில் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு ஊசிகூடத் தப்பாகப் போனதில்லை. அதைப் பற்றி யாரும் அவளைப் பாராட்டியதும் இல்லை. ஒழுங்காக நடக்கிற காரியத்தை யார் பார்க்கிறார்கள்?

தொண்ணூற்றாறு ஜூனில் கம்ப்யூட்டர் வந்தது. கூடவே கனகதாஸ் வந்தான். டாக்டரின் மனைவிக்குத் தம்பி, ஷார்ஜாவில் நாலு வருஷம் எதிலோ இருந்துவிட்டுத் திரும்பியவன். மேனேஜர் என்று ஒரு அறையும் சுழலும் நாற்காலியும் கொடுத்தார்கள். அவனுக்கு வயது முப்பத்துமூன்று, அக்காவுக்கு முப்பத்தெட்டு. முதல் நாளிலிருந்தே அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டான்.

மென்பொருள் விற்ற கம்பெனிக்கு நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டு அருகே மாடியில் ஒரு அறை. அங்கிருந்து ஜெஸ்னா என்ற பெண் மூன்று நாள் வந்து சொல்லிக் கொடுத்தாள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மவுஸ் கிடையாது. எல்லாம் விரலில்தான். எஃப்-இரண்டு அமுக்கினால் புது நோயாளி. எஃப்-மூன்று பழைய ஆளைத் தேட. எஃப்-ஒன்பது சீட்டு அச்சடிக்க. பேஜ் டவுன் அமுக்கினால் இரண்டாம் பக்கம், அதில் ஒத்துக்கொள்ளாத மருந்து. அப்புறம் எஃப்-நாலு. எஃப்-நாலு அமுக்கினால் கடைசியாகப் பதிந்த ஆளின் விவரம் அப்படியே புது ஆளுக்கு வந்துவிடும்.

"இங்க குடும்பத்தோட வருவாங்க இல்லியா சார், ஒரே வீட்டுப் பேர திரும்பத் திரும்ப அடிக்க வேண்டாம். எஃப்-நாலு போட்டா போதும். பேரையும் வயசையும் மாத்திக்கிடணும், ரெண்டாம் பக்கத்தையும் பாத்து மாத்தணும்," என்றாள் ஜெஸ்னா.

அக்கா பின்னால் நின்று ஒரு பழைய மருந்துக் கம்பெனி டைரியில் இதை எழுதிக்கொண்டாள். ஜெஸ்னா, "சேச்சி ஒண்ணு அடிச்சுப் பாருங்க," என்று எழுந்து இடம் கொடுத்தாள். அக்கா உட்காரப் போனாள். வராந்தாவில் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கனகதாஸ் நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுத்தான். "ரத்னபாயே, மரச்சீனிக் கிழங்கு பறிச்ச விரலாக்கும் இது. ஒரு அமுக்கு அமுக்கினா கீபோர்டு பொளந்து போவும். நீ வெளிய நின்னு டோக்கன் விளிச்சாப் போதும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா பாதி உட்கார்ந்தவள் நிமிர்ந்தாள், சேலையைச் சரிசெய்தாள், வெளியே போனாள். அன்று மத்தியானம் சோறு தின்னவில்லை. "பிரேமா, அந்தக் கசேரியில இருந்து அவன நான் எழுப்புவேன்," என்று மட்டும் சொன்னாள். நான் ஆறுதலுக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டேன். அக்கா ஆறுதலுக்காக எதுவும் சொல்கிறவள் இல்லை.

பழைய கார்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அக்கா வாசிக்க, கனகதாஸ் ஒற்றை விரலால் அடித்தான். ஆங்கில எழுத்து வரிசையில் ஏயில் தொடங்கி எம் வரை வந்தது. ஆகஸ்டில் அவனுக்கு அலுத்துவிட்டது. "மிச்சம் ஆளு வரும்போ அப்பப்பம் பாத்துக்கிடலாம்," என்று பீரோவைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டான். எம்முக்குப் பிறகு வருகிற அத்தனை பேரின் சிவப்பு மையும் பீரோவுக்குள் கிடந்தது. அக்கா மூன்று முறை சாவி கேட்டாள். மூன்று முறையும் அவன் சிரித்தான்.

அவன் வேலை செய்த அழகை நான் தினமும் பார்த்தேன். எஃப்-மூன்று அவனுக்கு எப்போதாவதுதான் நினைவுக்கு வரும். வீட்டுப் பேரை ஆங்கிலத்தில் அடிக்கச் சோம்பல். அதனால் ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தால் எஃப்-நாலுதான். பேரை மாற்றுவான், வயதை மாற்றுவான், எஃப்-ஒன்பது. இரண்டாம் பக்கம் என்று ஒன்று இருப்பதையே மறந்துபோனான். வரிசை ரோட்டுக்கு நீண்டது, எஃப்-நாலு மட்டும் வேகமாக ஓடியது.

நவம்பர் பதினாலாம் தேதி குளத்தூர் ராபின்சன் வந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர், அக்காவின் சபைக்காரர். கூடவே அவருடைய அண்ணனும் வந்தார். இரண்டு பேருக்கும் காய்ச்சல், ஒரே வீடு. அண்ணனின் பேர் எம்முக்கு முந்தினது, அவர் கார்டு அக்கா வாசித்து ஏற்கெனவே ஏறியிருந்தது; அவரை எஃப்-மூன்றில் எடுத்துப் பதிந்தான். அண்ணனுக்கு முன்பு பென்சிலின் போட்டிருந்தது, கோளாறு இல்லை, அது இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அடுத்து தம்பிக்கு எஃப்-நாலு. பேர் மாறியது, வயது மாறியது. இரண்டாம் பக்கம் மாறவில்லை. "பென்சிலின் முன்பு போட்டது, கோளாறில்லை" என்று ராபின்சனின் சீட்டிலும் அச்சாகி வந்தது.

அக்கா வெளியே வராந்தாவின் கோடியில் டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சீட்டு அவள் கைக்கு வரவில்லை. சீட்டில் அப்படி எழுதியிருந்ததால் நர்ஸ் சோதனை ஊசி போடவில்லை. நேராகப் போட்டாள். இரண்டு நிமிஷத்தில் ராபின்சன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலிருந்து கீழே விழுந்தார். உதடு நீலமாகிவிட்டது. சதாசிவன் டாக்டர் ஓடிவந்து மாற்று ஊசி போட்டு, நெஞ்சை அழுத்தி, ஒரு மணி நேரம் போராடி உயிரைப் பிடித்து நிறுத்தினார். அந்த ஒரு மணி நேரத்தில் அவரை நான் கடவுளாகவே பார்த்தேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ராபின்சனின் மனைவி ஆனந்தபாய் வந்தாள், அண்டை வீட்டார் வந்தார்கள், ஆஸ்பத்திரி முற்றம் நிறைந்தது. "எனக்க மாப்பிளைக்கு இந்த ஊசி ஒத்துக்காதுன்னு கார்டுல சிவப்பா எழுதி இருந்துதே! யாரு மாத்தினது?" என்று ஆனந்தபாய் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

கனகதாஸ் மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தான். "கம்ப்யூட்டருக்கு கார்டு வாசிச்சுத் தந்தது ரத்னபாயாக்கும். அவ வாசிச்சத நான் அடிச்சேன். அவ விட்டுட்டா," என்றான்.

"ராபின்சனுக்க கார்டு நான் வாசிக்கவே இல்ல! எம்முல நின்னு போச்சு. பீரோவத் தொறந்து பாருங்க, கார்டு உள்ள இருக்கும்," என்று அக்கா கத்தினாள்.

பீரோவைத் திறந்தார்கள். ஆர் எழுத்துக் கட்டில் ராபின்சனின் கார்டு இல்லை. சாவி அந்த ஒரு மணி நேரமும் யார் பையில் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டும். எனக்கு இரண்டு பிள்ளைகள், வேலை வேண்டும், வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

ஆனந்தபாய் அக்காவின் முகத்துக்கு நேரே, "கொலகாரி, நீ வெளங்க மாட்ட," என்றாள். டாக்டர் அக்காவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், "நாளை முதல் வர வேண்டாம்" என்றார். பதினொரு வருஷத்துக்கு அவ்வளவுதான்.

வேலை போனது பெரிதில்லை. தங்கையன் அண்ணனின் சம்பாத்தியத்தில் வீடு ஓடும். சபையில்தான் அவளைக் கொன்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் உட்கார்ந்த பெஞ்சில் பக்கத்தில் ஆள் உட்காரவில்லை. பெண்கள் ஐக்கியச் செயலாளர் பதவியை "கொஞ்ச நாள் வேற ஆளு பாக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டார்கள். ஓய்வுநாள் பள்ளியில் அவள் வகுப்புப் பிள்ளைகளை வேறு வகுப்புக்கு மாற்றினார்கள். கல்யாண வீட்டில் அவள் பரிமாறிய இலையில் ஒரு கிழவி சாப்பிடாமல் எழுந்தாள். அக்கா ஒரு ஞாயிறுகூட சபைக்குப் போகாமல் இருக்கவில்லை. போய், முதல் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, எல்லோருக்கும் முதுகைக் காட்டிவிட்டு வருவாள்.

அடுத்த வாரமே நெய்யாற்றின்கரைக்குப் பஸ் ஏறி, ஜெஸ்னாவின் மாடிப்படி ஏறியிருக்கிறாள். இதை ஜெஸ்னாவே பிறகு என்னிடம் சொன்னாள்.

"மக்கா, அந்தப் பொட்டிக்குள்ள ஒரு ஆளப் பதிஞ்சது யாரு, எப்பம்னு எழுதி இருக்குமா?"

"உண்டு சேச்சி. ஆளோட விவரம் திரையில இருக்கும்போ ஷிஃப்ட் பிடிச்சு எஃப்-எட்டு அமுக்கினா வரும். யாரு அடிச்சது, எந்த தேதி, எத்தனை மணி, எந்த ஆளுல இருந்து எடுத்து ஒட்டினதுன்னும் காட்டும். யாரும் அத அமுக்கிப் பாக்க மாட்டாங்க."

"நீ போயி அமுக்கிப் பாத்து எனக்குச் சொல்லுவியா?"

"அவங்க ஆஸ்பத்திரி விவரத்த நான் எடுத்தா எனக்க வேலை போவும் சேச்சி."

ஜெஸ்னா நல்ல பெண். பதினெட்டு கிளினிக்குக்கும் தான் ஒருத்திதான் ஓடவேண்டும் என்றும், பழைய கார்டுகளை ஏற்ற ஆள் இல்லை என்றும், வீட்டுப் பேர் தெரியாமல் திருவனந்தபுரத்துப் பிள்ளைகள் கண்டதையும் அடித்து வைக்கிறார்கள் என்றும் சொன்னாள். அக்கா அன்றைக்கே அங்கே வேலைக்கு உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் நடந்ததை நான் கேள்விப்பட்டுத்தான் சொல்கிறேன். ஒரு அட்டையில் கீபோர்டு வரைந்து வீட்டில் மீன் கழுவிவிட்டு வந்து அதில் விரல் பழகுவாளாம். மூன்று மாதத்தில் கீபோர்டைப் பார்க்காமல் அடித்தாள். ஒரு வருஷத்தில் உச்சக்கடை முதல் அமரவிளை வரை எந்தக் கிளினிக்கில் கணினி மக்கர் செய்தாலும் "அந்தக் குளத்தூர் சேச்சியை அனுப்புங்க" என்று போன் வந்தது. மெனுவுக்குள் அம்புக்குறியை வைத்து ஏறி இறங்குகிறவர்களைப் பார்த்தால் அவளுக்குப் பொறுக்காது. "ஆறு படி ஏறாண்டாம், ஒரு அமுக்குதான்," என்று விரலைப் பிடித்து வைத்துச் சொல்லிக் கொடுப்பாள். எல்லா விசையையும் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தாள். ஷிஃப்ட் எஃப்-எட்டை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. அதைத் தனக்கென்று வைத்திருந்தாள்.

ஜெஸ்னா கல்யாணமாகி மஸ்கட் போய்விட்டாள். அதற்குள் தொண்ணூற்றொன்பது வந்துவிட்டது. அடுத்த வருஷம் இரண்டாயிரம், பழைய மென்பொருளுக்கு ஆண்டின் கடைசி இரண்டு எண்தான் தெரியும், மாற்றாவிட்டால் வயதுகள் எல்லாம் தாறுமாறாகிவிடும் என்று கம்பெனி எல்லாக் கிளினிக்குக்கும் கடிதம் போட்டது. சதாசிவன் டாக்டரின் ஆஸ்பத்திரிக்கும் போட்டது. கனகதாஸ் போன் செய்து ஆளை அனுப்பச் சொன்னான். மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை ஒன்பதரைக்கு, ஃப்ளாப்பிப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ரத்னபாய் அக்கா வராந்தாவில் ஏறினாள்.

நான் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை தப்பிப்போனது.

கனகதாஸ் அவளைப் பார்த்ததும், "வேற ஆளு இல்லியா?" என்றான்.

"இல்ல. எழும்புங்க சார், எனக்கு இருக்கணும்," என்றாள் அக்கா.

வராந்தா நிறைய ஆள். அவன் எழுந்தான். அக்கா உட்கார்ந்து, நாற்காலியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு, வேலையைத் தொடங்கினாள். முக்கால் மணி நேரம் ஒழுங்காக வேலை செய்தாள். ஃப்ளாப்பி மாற்றினாள், தேதி சரி பார்த்தாள். அவன் பின்னால் நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

"பழைய ஆளு விவரம் சரியா வந்திருக்கான்னு ஒண்ணு எடுத்துப் பாக்கணும்," என்றாள். எஃப்-மூன்று. ராபின்சன், வீட்டுப் பேர். விரல் தட்டச்சுப் பொறி போல ஓடியது. திரையில் ராபின்சனின் பக்கம் வந்தது. கனகதாஸுக்கு அது என்ன என்று புரிய ஒரு நொடி ஆனது. ஷிஃப்ட் எஃப்-எட்டு. மூன்று வரி வந்தது. அவன் அதைப் படித்து முடிப்பதற்குள் எஃப்-ஒன்பது.

அவன் பாய்ந்து சுவிட்சைத் தட்டினான். திரை அணைந்தது. ஆனால் அவன் அணைத்தது திரையை மட்டும்தான். இரண்டரை வருஷம் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தும் எந்த சுவிட்ச் எதற்கு என்று தெரியவில்லை. பிரிண்டர் கர் கர் என்று அச்சடித்துக்கொண்டே இருந்தது.

அக்கா தாளைக் கிழித்து எடுத்து எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்க வாசித்தாள். "பதிந்தவர்: கனகதாஸ். தேதி: பதினாலு நவம்பர் தொண்ணூற்றாறு, காலை பத்து நாற்பத்திரண்டு. எடுத்து ஒட்டியது: இதற்கு முந்தின ஆளிலிருந்து." பிறகு என் பக்கம் திரும்பி, "பிரேமா, நான் கார்டு வாசிச்சது எந்த மாசம்?" என்றாள்.

"ஆகஸ்டு," என்றேன். இந்த முறை வாய் திறந்தது. "ஆகஸ்டோட நின்னு போச்சு. எம்முல. நான் கண்டதாக்கும்."

சத்தம் கேட்டு டாக்டர் அறையிலிருந்து வந்தார். தாளை வாங்கிப் பார்த்தார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டரை வருஷம் அவள் காத்திருந்தது இந்த முகம் மாறுவதைப் பார்க்கத்தான் என்று எனக்குத் தோன்றியது. முகம் மாறவில்லை.

"ரத்னபாயே, உள்ள வா," என்றார். அக்கா போனாள், என் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கதவைச் சாத்திவிட்டு டாக்டர் சொன்னார். "எனக்கு அன்னு சாயங்காலமே தெரியும். அவனே சொல்லி அழுதான். எனக்க பாரியைக்க தம்பி, என்ன செய்ய? உனக்கு வேற எங்கியாவது வேலை கிட்டும்னு நெனச்சேன்."

அக்காவின் முகம் வெந்துபோனது. கனகதாஸ் செய்ததை அவள் தாங்கியிருந்தாள், அவன் கேவலமானவன் என்று அவளுக்குத் தெரியும். இவரை அவள் பதினொரு வருஷம் மரியாதையாகப் பார்த்தவள். இவர் கையெழுத்துப் புரியாமல் மருந்து மாறிவிடக் கூடாது என்று தானே என் ஜன்னலுக்கு வந்து வாசித்துச் சொன்னவள்.

"வேலை கிட்டிச்சு சாரே," என்றாள் கடைசியில். "பேரு கிட்டல்ல."

டாக்டர் கனகதாஸை அன்றே அனுப்பிவிடுவதாகச் சொன்னார். அவள் வேண்டுமானால் திரும்ப வரலாம் என்றார்.

"வாறேன். ஆனா அவர அனுப்பாண்டாம்," என்றாள் அக்கா. "அவரு இஞ்சதான் இருக்கணும். வராந்தாவில நின்னு, வரியில நிக்கிய ஒவ்வொரு ஆளுகிட்டயும் எந்த மருந்து ஒத்துக்காதுன்னு வாயால கேட்டு, சிவப்பு மையில எழுதி எனக்கு ஜன்னல் வழியாத் தரணும். ஒரு ஆள விடப்பிடாது. விட்டா இந்தத் தாளு பத்திரிகைக்குப் போவும்."

டாக்டர் ஒப்புக்கொண்டார். அவருக்கு வேறு வழி இல்லை. அன்று முதல் அவர் ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது நாங்கள் எல்லோரும் எழுந்திருப்போம், ரத்னபாய் அக்கா எழுந்திருக்க மாட்டாள். நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். அவர் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை.

கனகதாஸ் வராந்தாவில் நின்றான். முதல் வாரம் மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தான். "சத்தமா கேக்கணும், கெழவிமாருக்குக் காது கேக்காது," என்று அக்கா ஜன்னலிலிருந்து சொல்வாள். பொழியூர்க்காரர்கள் கேலி செய்தார்கள். அவனுக்கு வேறு போக்கிடம் கிடையாது. ஷார்ஜா முடிந்துவிட்டது, அக்காள் வீட்டுச் சோறுதான் மிச்சம். நின்றான்.

ஏப்ரலில் ராபின்சன் வந்தார். இத்தனை நாள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தவர், ஆனந்தபாய்க்குக் கால் வீங்கி நடக்க முடியாமல் போனதால் பக்கத்தில் இருக்கிற இடத்துக்கு ஆட்டோவில் கொண்டுவந்தார். தனக்கும் இருமல் என்று வரிசையில் நின்றார். கனகதாஸ் வரிசையில் அவரைப் பார்த்தான். கேட்காமலே தாளில் சிவப்பு மையால் எழுதி ஜன்னலில் நீட்டினான்.

அக்கா தாளை வாங்கவில்லை. "கேக்கணும்."

"எனக்குத் தெரியுமே," என்றான்.

"தெரிஞ்சாலும் கேக்கணும். அதாக்கும் ஏற்பாடு."

கனகதாஸ் ராபின்சனின் முன்னால் போய் நின்றான். "மருந்து ஏதாவது ஒத்துக்காதா?"

ராபின்சன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "பென்சிலின். இந்த பெஞ்சில இருந்து விழுந்தவனாக்கும் நான். உமக்கு ஓர்ம இல்லியா?"

"உண்டு."

"பின்ன எதுக்கு ஓய் கேக்குதீரு?"

கனகதாஸ் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். அக்கா கண்ணை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

"அன்னைக்கு நான் கேக்கல்ல," என்றான். "உங்க அண்ணனுக்க விவரத்த எடுத்து உங்களுக்குப் போட்டேன். நீங்க விழுந்ததும் பீரோவத் தொறந்தேன். கார்டுல சிவப்பா எழுதி இருந்துது. அதக் கிழிச்சு கக்கூசுல போட்டது நானாக்கும். ரத்னபாய் இல்ல."

கார்டு எங்கே போனது என்பதை அதுவரை அக்காவும் அறியாள். அவள் கை கீபோர்டின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

ராபின்சன் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சட்டென்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எழுந்தது ஆனந்தபாய். வீங்கின காலை இழுத்து இழுத்து ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்தாள்.

"ரத்னா, நான் உன்ன என்னெல்லாம் சொல்லிப் போட்டேன். சபையில வச்சும் சொன்னேன். ரெண்டர வருஷம்."

"உண்டு. சொன்னீரு," என்றாள் அக்கா.

"என்ன மன்னிச்சிரு பிள்ள."

அக்கா அவளைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் சொட்டவில்லை. "அது இப்பம் எனக்கு முடியாது. பொறத்த ஆளு நிக்குது. காலு எத்தனை நாளா வீங்கி இருக்கு?" என்று கேட்டு, பதிந்து, டோக்கன் கொடுத்து, உள்ளே அனுப்பினாள். அந்த ஞாயிறு ஆனந்தபாய் சபையில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டு முதல் பெஞ்சில் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அக்கா நகர்ந்து இடம் கொடுத்தாள், பேசவில்லை. அதைப் பார்த்துத்தான் மலர்க்காரர்கள் மன்னிப்பு என்று எழுதிவிட்டார்கள்.

ராபின்சன் வந்துபோன அன்று மத்தியானமே, சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டு நான் கேட்டிருந்தேன். "அக்கா, அவன் எல்லாரு முன்னாலயும் சொல்லிப் போட்டான். இனி அவன விட்டுருலாமா?"

அக்கா வராந்தாவைப் பார்த்தாள். அங்கே கனகதாஸ் ஒரு கைக்குழந்தைக்காரியிடம் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பெண் ஏதோ சொல்ல, அவன் சிவப்புப் பேனாவை எடுத்துக் கவனமாக இரண்டு கோடு போட்டான்.

"இப்பம்தான் ஒழுங்கா கேக்கப் படிச்சிருக்கான்," என்றாள் அக்கா. "நிக்கட்டு."

அவன் ஒன்பது வருஷம் நின்றான்.